வெள்ளவத்தைக்குக் கொண்டுபோன நற்கருணை

ஓய்வு பெற்ற மறுநாள் காலையும் நான் வழக்கம்போல முகம் வழித்து, நீளக் காற்சட்டை போட்டு, சப்பாத்து நாடாவையும் கட்டிக்கொண்டு முன் கதிரையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். போவதற்குத்தான் இடம் இல்லை. கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க்காகச் சேர்ந்து, தலைமைக் கிளார்க்காக வெளியே வந்தவன் நான். விடைபெறும்போது ஒரு சுவர் மணிக்கூடு தந்தார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. இரண்டும் சேர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மனைவிக்கு அப்போதும் வேலை இருந்தது. அவள் இரத்மலானையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ரீச்சர். நாங்கள் இருந்த கொட்டாஞ்சேனையிலிருந்து இரத்மலானை என்றால் கொழும்பின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி. இருட்டோடு எழும்பி, எனக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, பஸ் மாறிப் போவாள். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். அவள் கதவைச் சாத்திய பிறகு வீட்டில் நானும் ரேடியோவும் மட்டும்தான் மிச்சம்.

அந்த ரேடியோதான் என்னைக் கெடுத்தது. யுத்த காலம். கொழும்பில் எந்த நேரம் எந்தச் சந்தியில் என்ன வெடிக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. வெடித்த பிறகு யாரைப் பிடிப்பார்கள் என்பது மட்டும் தமிழராகிய எங்களுக்கு நன்றாகத் தெரியும். கந்தோரில் இருந்தவரை எனக்குப் பயப்பட நேரம் கிடைக்கவில்லை. கப்பல் வந்துவிட்டது, பத்திரம் வரவில்லை என்று யாராவது கத்திக்கொண்டே இருப்பார்கள். இப்போது பயப்படுவதற்குக் காலை முதல் மாலை வரை நேரம் கிடைத்தது. தெருவில் லொறியின் ரயர் வெடித்தாலும் கேற்றடிக்கு ஓடினேன். பாடசாலைக்குப் போன் எடுத்து, ரீச்சர் வந்துவிட்டாரா என்று விசாரித்தேன். போன் இருந்ததோ அதிபரின் மேசையில். சில நாள் போனதும் அந்த மனிதர் என் குரலைக் கேட்டவுடனேயே, "வந்திட்டா, வந்திட்டா" என்று சொல்லி வைத்துவிடத் தொடங்கினார்.

பின்னேரங்களில் பஸ் தரிப்பில் போய் நிற்பேன். அவள் இறங்கியதும் முதல் வார்த்தையாக, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பேன். ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இப்பிடி வந்து நிக்காதேங்கோ. கூட வாற ரீச்சர்மார் சிரிக்கினம். நான் என்ன ஓடியே போகப்போறன்?"

"ஒரு குண்டு கிண்டு வெடிச்சா?"

"வெடிச்சா நீங்கள் இஞ்ச நிண்டு கையில ஏந்தவே போறீங்கள்?"

வழியில் சோதனை எப்படி என்று கேட்டால், "ஒண்டுமில்லை, சும்மா ஐடி பாத்தாங்கள்" என்பாள். ஒவ்வொரு நாளும் இதே பதில்தான். நான் அதை நம்பினேன். நம்பிக்கொண்டே பயந்தேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் நேரே பங்குத் தந்தையிடம் போனாள். நான் பக்கத்தில் நிற்பதையும் பொருட்படுத்தவில்லை.

"ஃபாதர், இவருக்கு ஏதாவது வேலை குடுங்கோ. சம்பளம் வேண்டாம். வீட்டை விட்டு வெளியில போனாக் காணும்."

எங்கள் பங்குத் தந்தை ஓய்வு பெற்றவர்களைக் கண்டால் விடுகிறவர் அல்ல. அன்றே என்னைப் பிடித்துக்கொண்டார். கோயிலுக்கு வர முடியாமல் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு பூசையில் ஆண்டவரின் உடலாக ஒப்புக்கொடுத்த அப்பமாகிய நற்கருணையை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் பணி. பிறகு மரண உதவிச் சங்கத்தின் பொருளாளர் பதவி. அதன் பிறகு திருநாள் கமிட்டி. பிறகு ஏழைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கும் குழு. எதைத் தந்தாலும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்பு ஒரு கந்தோர், இப்போது தெருவுக்குத் தெரு கந்தோர் என்று மனைவி சொல்லிச் சிரித்தாள். அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இதில் பக்தி எவ்வளவு, பயம் எவ்வளவு என்று கேட்டால், பயம்தான் கூட. ஒரு நோயாளியின் கட்டிலருகே நின்று செபம் சொல்லும்போது ரேடியோ கேட்க முடியாது. சவப்பெட்டிக் கடைக்காரனோடு விலை பேசும்போது இரத்மலானையை நினைக்க முடியாது. ஆண்டவர் இதையும் ஒரு சேவையாக எடுத்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டு ஓடித் திரிந்தேன்.

இருந்தாலும் நற்கருணை கொண்டுபோகும் வேலையை மட்டும் நான் வேறு மாதிரித்தான் செய்தேன். ஃபாதர் எங்களைப் பழக்கியபோது சில விதிகள் சொன்னார். நற்கருணை இருக்கும் சிமிழை நெஞ்சோடு வைத்துக் கொண்டுபோக வேண்டும். வழியில் வீண்பேச்சு வேண்டாம். வழியில் அதற்கு ஏதும் ஆபத்து வந்தால் நாமே உட்கொண்டுவிட வேண்டும். விதி என்றால் எனக்கு விதிதான். கப்பல் பத்திரத்தில் ஒரு சொல் பிசகியதற்காக ஒரு கப்டனையே கரையில் காக்க வைத்தவன் நான். எது வீண்பேச்சு, எது வேண்டிய பேச்சு என்று பிரித்துப் பார்க்கிற தலையிடியெல்லாம் வேண்டாம் என்று ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டேன். கோயில் படியிறங்கியதிலிருந்து நோயாளியின் வாசல் வரை ஒரு சொல் பேசமாட்டேன்.

சிமிழ் வைக்க மனைவி ஒரு துணிப்பை தைத்துத் தந்தாள். அதைக் கறுப்பு நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டு, சேர்ட்டுக்குள் விட்டுக்கொள்வேன்.

"பொக்கெட்டில வைச்சா என்ன? கழுத்தில கறுப்பு நூல் தெரிஞ்சா என்ன நினைப்பாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டாள்.

தெரியும். இயக்கத்துப் பெடியள் பிடிபட்டால் கடித்து விழுங்குகிற சயனைட் குப்பியைக் கழுத்தில்தான் கட்டியிருப்பார்கள் என்பது கொழும்பில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கொட்டாஞ்சேனைத் தாய்மார் மகன்மாரின் கழுத்திலிருந்து மாதா படம் கோத்த உத்தரியக் கயிற்றைக்கூடக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டார்கள். ஆனால் தலை நரைத்து, வயிறும் வைத்து, மூச்சு வாங்கி நடக்கிற என்னைப் பார்த்து யார் அப்படி நினைக்கப்போகிறார்கள்? சிமிழ் நெஞ்சில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

கொட்டாஞ்சேனைக்குள் இதில் ஒரு தொந்தரவும் இருக்கவில்லை. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நான் நடந்து வந்தால் எங்கள் ஆட்கள் நின்று சிலுவை அடையாளம் போடுவார்கள். முடக்கிலிருந்த முஸ்லிம் கடைக்கார நானா ரேடியோவைக் குறைத்துவிடுவார். ஒருவரும் எனக்கு வணக்கம் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். ஊருக்கே தெரிந்த மௌனம் அது.

பிறகுதான் மிஸ்ஸி வெள்ளவத்தைக்குப் போனார். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், வயதான கன்னிப்பெண், கொட்டாஞ்சேனையில் பாதிப்பேருக்கு ஊசி போட்டவர் என்றபடியால் எல்லோருக்கும் அவர் மிஸ்ஸிதான். இடுப்பு முறிந்து படுக்கையில் விழுந்தபின் சகோதரியின் மகளான பெறாமகள் தன்னுடைய ஃபிளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அங்கேயும் கோயில் இருக்கிறது, அங்கேயும் சுவாமிமார் இருக்கிறார்கள். ஆனால் மிஸ்ஸி பிடித்த பிடியில் நின்றார். எங்கள் பங்கிலிருந்துதான் வேண்டும், தமிழில்தான் செபம் வேண்டும், தம்பிதான் கொண்டுவர வேண்டும் என்றார். தம்பி என்றது என்னைத்தான். இரண்டு பங்குத் தந்தையரும் பேசி அனுமதி தந்தார்கள். மாதத்தின் முதல் வெள்ளி தோறும் நான் பஸ்ஸேறி வெள்ளவத்தைக்குப் போகத் தொடங்கினேன்.

காலி வீதி பஸ்ஸில் எனக்கு விரைவிலேயே ஒரு பெயர் வந்தது. சரியான சில்லறையைக் கொண்டக்டரின் கையில் வைத்துவிட்டு, எங்கே இறங்க என்று கேட்டால் விரலால் காட்டுவேன். சிங்களக் கொண்டக்டர், நல்ல பிள்ளை. நான் பேசாததைப் பார்த்துவிட்டு எனக்குக் 'கொளு மாத்தயா' என்று பெயர் வைத்தான். ஊமை ஐயா. எனக்காக இருக்கையில் இருந்தவர்களை எழுப்பி இடமும் பிடித்துத் தருவான். திரும்பி வரும்போது சிமிழ் வெறுமையாக இருப்பதால் எனக்குப் பேசத் தடையில்லை. ஆனால் திரும்பி வருவது எப்போதும் வேறு பஸ்ஸில்தான் என்றபடியால் அவன் என் குரலைக் கேட்டதேயில்லை. நானும் அந்தப் பெயரைத் திருத்தப் போகவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்துமிருந்தது.

இதற்குள் வீட்டில் பயம் இடம் மாறிவிட்டது. முன்பு அவளை நினைத்து நான் பயந்தேன். இப்போது என்னை நினைத்து அவள் பயந்தாள். அந்த மாதங்களில் லொட்ஜுகளிலும் பஸ்களிலும் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போவது கூடியிருந்தது. கிழவர்களையும் விடவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஒரு பின்னேரம் சோற்றுக்கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, அவள் எதிரே இருந்தாள்.

"கொட்டாஞ்சேனைக்குள்ள நீங்கள் என்னவும் செய்யுங்கோ. நான் மறிக்கேல்லை. வெள்ளவத்தை வேண்டாம்."

"மிஸ்ஸி காத்துக்கொண்டு கிடப்பா."

"அவவுக்கு அங்க சுவாமிமார் இருக்கினம். எனக்கு ஆர் இருக்கினம்? உங்களைப் பிடிச்சுக்கொண்டு போனா நான் எந்தப் பொலிசுக்குப் போறது, ஆரைக் கேக்கிறது? சொல்லுங்கோ பாப்பம்."

அவள் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருட வாழ்க்கையில் சண்டை பிடித்து அழுதவள் அல்ல. வருகிற முதல் வெள்ளியோடு வெள்ளவத்தையை விட்டுவிடுகிறேன், மிஸ்ஸியிடம் நானே நேரில் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த வெள்ளி வந்தது. காலைப் பூசையில் நானும் நற்கருணை வாங்கினேன். ஃபாதர் மிஸ்ஸிக்கு என்று ஒரு அப்பத்தைச் சிமிழில் வைத்துத் தந்தார். கடைசித் தடவை என்ற எண்ணத்தோடு பஸ்ஸில் ஏறினேன். வழக்கமான கொண்டக்டர்தான். வழக்கம்போல இடம் பிடித்துத் தந்தான்.

பம்பலப்பிட்டியில் செக்பொயின்ற். பஸ் நிற்கும், எல்லோரும் இறங்கி நடந்து, அடையாள அட்டையைக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறவேண்டும். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. மற்ற மாதங்களில் அட்டையைப் பார்ப்பார்கள், பையைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு ஏதோ தகவல் வந்திருக்க வேண்டும். ஒவ்வொருவரையும் உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தார்கள். திரும்பிப் போகலாமா என்று நினைத்தேன். வரிசையிலிருந்து விலகினால் அதைவிடப் பெரிய வில்லங்கம்.

என்னைத் தடவிய சிப்பாய்க்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவன் கை என் நெஞ்சுக்கு வந்ததும் நின்றது. வட்டமாக, கட்டியாக ஒன்று. கழுத்தில் கறுப்பு நாடா.

"மேக மொகக்த?"

இது என்ன என்று கேட்கிறான். துறைமுகத்து ஆட்களோடு வேலை செய்தவன் நான், எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பல மாதமாகப் பழக்கிய வாய், திறக்க மறுத்தது. விதி பாதி, பயம் பாதி. வாய் திறக்காதது போதாதென்று என் இரண்டு கையும் என்னைக் கேளாமலே போய்ச் சிமிழைப் பொத்திக்கொண்டன.

சிப்பாய் ஒரு எட்டுப் பின்னால் வைத்தான். துப்பாக்கி உயர்ந்தது. எனக்கு முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் கணத்தில் காணாமல் போனார்கள். அந்த இடத்தில் நான் தனியாக நெஞ்சைப் பொத்திக்கொண்டு நின்றேன். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து கொண்டக்டர் ஓடி வந்து கத்தினான்.

"சேர், ஏ மாத்தயா கொளுய்!"

அவர் ஊமை என்று எனக்காகச் சாட்சி சொன்னான், பாவம். சிப்பாயின் முகம் கொஞ்சம் இளகியது. ஊமைக்கு விளங்குகிற மாதிரிக் கையை உயர்த்திக் காட்டி, கையைத் தூக்கு என்று சைகை செய்தான். நான் தூக்கினேன். அவன் கிட்ட வந்து என் சேர்ட்டுக்குள் கைவிட்டுப் பையை வெளியே இழுத்தான். சிமிழை எடுத்து மூடியில் நகத்தை வைத்தான். பூசை செய்த கைகளும் எங்களைப் போல அனுமதி பெற்ற சிலரும் தவிர யாரும் தொடாத நற்கருணை. அவன் அதைத் தார் வீதியில் கொட்டப்போகிறான் என்று எனக்குத் தோன்றியது.

"அத தியன்ன எபா!"

கை வைக்காதே என்று ஊமை கத்தினான். நல்ல சுத்தமான சிங்களத்தில், கந்தோரில் பியோனை அதட்டுகிற அதே குரலில்.

அதன் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு இப்போதும் வரவில்லை. கொண்டக்டரின் வாய் திறந்தபடியே நின்றது ஞாபகம். கூப்பிடு தூரத்தில் இருந்த எல்லாத் துப்பாக்கிகளும் என் பக்கம் திரும்பியதும் ஞாபகம். ஊமை பேசினான் என்றால் அவன் நடித்தவன். நடித்தவன் என்றால் கழுத்தில் இருப்பது குப்பி. அவர்கள் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இது திவ்ய சத்பிரசாதய, நற்கருணை, வெள்ளவத்தையில் ஒரு நோயாளிக்குக் கொண்டுபோகிறேன், வழியில் பேசுவதில்லை என்பது எங்கள் வழக்கம். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேதக்காரராகிய கிறிஸ்தவர்களோடு பழகாத ஊர்க்காரராக இருக்க வேண்டும். அடையாள அட்டையைப் பார்த்தார். பெயரைப் பார்த்தார். திறக்கச் சொன்னார். நான் திறந்தேன். மெல்லிய வெள்ளை அப்பம் ஒன்று. அவர் குனிந்து மணந்து பார்த்தார்.

எனக்கு ஃபாதர் சொன்ன கடைசி விதி ஞாபகம் வந்தது. ஆபத்து என்றால் நீங்களே உட்கொண்டுவிடுங்கள். ஃபாதருக்கு என்ன, சுகமாகச் சொல்லிவிட்டார். கழுத்தில் தொங்கியதை எடுத்து நான் வாயில் போட்டால் இவர்கள் என்ன நினைப்பார்கள்? கை வாய்க்குப் போகும் முன்னமே சுட்டுவிடுவார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் சிமிழை ஏந்தியபடி நிற்க, அதிகாரி என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"கன்ன."

சாப்பிடு. நஞ்சு இல்லையென்றால் சாப்பிட்டுக் காட்டு.

காலி வீதியில், வெயிலில், துப்பாக்கிகளுக்கு நடுவே நான் அன்று இரண்டாம் முறை நற்கருணை வாங்கினேன். நாக்கு உலர்ந்து போயிருந்ததால் அப்பம் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர்கள் நான் விழுவேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அந்த நேரம் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. என் மனமெல்லாம் மனைவி இருந்தாள். இப்போது அவள் கரும்பலகையில் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பாள், அவளிடம் யார் போய்ச் சொல்வார்கள் என்பதுதான் ஒரே நினைப்பு.

நான் விழவில்லை. அதிகாரி அட்டையைத் திருப்பித் தந்தார். பேச முடியுமென்றால் பேசியிருக்கலாமே, அங்கிள் என்று அலுத்துக்கொண்டார். போகச் சொன்னார். பஸ் போயிருந்தது. நான் வெள்ளவத்தை வரை நடந்தேன். ஒரு கடை மறைவில் நின்று சத்தி எடுக்க வந்ததை அடக்கிக்கொண்டேன். வயிற்றில் இருந்தது அப்படிப்பட்டது.

மிஸ்ஸி தலையணையை உயர்த்திவைத்து, தலையில் முக்காடும் போட்டுக்கொண்டு தயாராகக் கிடந்தார். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். நான் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு முதலில் கோபப்பட்டார்.

"அப்ப, எனக்குக் கொண்டுவந்ததை நீர் சாப்பிட்டிட்டீரோ?"

"ஓம் மிஸ்ஸி."

பிறகு ஆஸ்பத்திரிப் பழக்கம் விடவில்லை, என் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

"நாடி இப்பவும் ஓடுது. பரவாயில்லை தம்பி. என்னட்ட வந்த ஆண்டவர் வழியில பயந்த ஆளைக் கண்டிட்டு அங்கேயே நிண்டிட்டார். நான் கோவிக்கேல்லை. ஆனா நாளைக்குக் கொண்டுவாரும். அடுத்த முதல் வெள்ளி வரைக்கும் நான் இருக்கிறனோ தெரியாது."

இதுதான் கடைசி என்று சொல்ல வந்தவன் நான். அந்த முக்காட்டைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? கொண்டுவருகிறேன் என்று தலையாட்டிவிட்டேன். வீட்டில் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், இங்கே ஆட்டிய தலை ஒரு பக்கம். திரும்பி வரும்போது ஜன்னலோரத்தில் இருந்து எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று வசனம் வசனமாக ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. மறைத்துவிடலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. மறைத்தால் நாளைக்குப் போக முடியாது.

பின்னேரம் அவள் வந்து, கால் கழுவி, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு குசினி வாசலில் இருந்தாள். நான் ஒத்திகை பார்த்த எதையும் சொல்லாமல் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். கொளு மாத்தயா என்ற பெயரைக்கூட மறைக்கவில்லை. கத்துவாள் என்று காத்திருந்தேன். அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பயந்தீங்களே?"

கந்தோரில் ஆயிரம் பேரோடு வாயடித்தவன். பயந்தேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. அவளிடம்கூட, ஏன் பிந்தினாய் என்று அதட்டியிருக்கிறேனே தவிர, பயமாயிருந்தது என்று சொன்னதில்லை.

"ஓம். கால் ரெண்டும் ஆடினது. உம்மைத்தான் நினைச்சன்."

"பம்பலப்பிட்டியில, மண்மூட்டை அடுக்கியிருக்கிற இடம்தானே?"

"ஓம்."

"நான் ஒவ்வொரு நாளும் அதிலதான் இறங்கி ஏறுறனான். ரெண்டு தரம்."

எனக்கு அது தெரியாததா? காலி வீதியால் போகிறவள் அந்த வழியால்தான் போகவேண்டும். தெரிந்த விஷயம். ஆனால் அன்றைக்குத்தான் கேட்டது போலிருந்தது.

"ஒருநாள் என்னை மறிச்சு வைச்சு, மற்ற ஆக்கள் எல்லாரும் போனாப் பிறகும் விடேல்லை. பொட்டு இல்லாத தமிழ்ப் பொம்பிளை எண்டு சந்தேகமாம். நாங்கள் வேதக்காரர், பொட்டு வைக்கிறேல்லை எண்டு சொல்லிச் சொல்லி வாய் நொந்து போச்சு. அண்டைக்கு நீங்கள் பஸ் தரிப்பில நிண்டு ஏன் பிந்தினனீர் எண்டு சத்தம் போட்டீங்கள்."

"எனக்குச் சொல்லேல்லையே நீர்."

"சொன்னா நீங்கள் என்னை வேலைக்கு விட்டிருப்பீங்களே? எனக்குப் பென்சனுக்கு இன்னும் காலம் கிடக்கு. அதோட, அந்தப் பிள்ளையளை விட்டிட்டு வீட்டில இருக்க எனக்கு ஏலாது."

வேலையை விடு என்று நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவன். நான் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், அவள் சொல்லாமல் இருந்ததுதான். ஒவ்வொரு நாளும் அவள் இதைத் தாண்டிப் போய், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து, திரும்பி இதையே தாண்டி வந்து எனக்குச் சமைத்திருக்கிறாள். நான் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்து பயந்திருக்கிறேன்.

மிஸ்ஸி நாளைக்குக் கொண்டுவரச் சொன்னதையும், நான் தலையாட்டியதையும் மெதுவாகச் சொன்னேன். வாக்குக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது, நீர் வேண்டாம் என்றால் போகவில்லை என்றும் சொன்னேன். மரண உதவிச் சங்கத்தையும் திருநாள் கமிட்டியையும் ஞாயிறோடு விட்டுவிடுகிறேன் என்று அவள் கேட்காமலே சொன்னேன். அதை அவள் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினாள்.

"நாளைக்குச் சனிக்கிழமை. எனக்கு ஸ்கூல் இல்லை. நானும் வாறன்."

"நீரோ?"

"பின்ன? நீங்கள் உங்கட விதிப்படி வாயை மூடிக்கொண்டு, நெஞ்சில கையை வைச்சுக்கொண்டு வாங்கோ. செக்பொயின்ற்றில நான் கதைக்கிறன். எனக்குப் பழக்கம்."